வாக்குத்தத்த அட்டை அச்சுக்குப் போகுமுன்: சேகர ஆயர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கனத்திற்குரிய சேகர ஆயர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

புத்தாண்டுக்கென்று ஒரு வேத வசனத்தை அச்சிட்டு டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகள் இன்னும் சில வாரங்களில் அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன்பே இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்பதால் நேராகவே கேட்கிறோம். அட்டையில் வசனத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தையும், ஜனவரி முதல் நாளிலிருந்து சபை முழுவதும் சேர்ந்து நடக்கக்கூடிய ஒரு வாசிப்பு ஒழுங்கையும் கூடவே கொடுங்கள்.

அட்டையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கண் மங்கிய மூத்தவர்களுக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கும் அந்த ஒரு வரி ஆண்டு முழுவதும் துணையாக இருக்கிறது. எங்கள் கவலை வேறு. அந்த ஒரு வரியோடு வேத வாசிப்பு நின்றுவிடுகிற வீடுகளில், வேதம் ஆறுதல் சொல்கிற புத்தகமாக மட்டுமே இருக்கிறது. கூலி, கடன், எல்லைக்கல், எடைக்கல், மகளின் பங்கு, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சு என்று அது கேட்கிற கேள்விகள் அந்த வீட்டுக்குள் நுழைவதே இல்லை.

உபாகமம் 28:13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வரியைச் சுவரில் மாட்டாத ஊர் நம்மிடையே இல்லை. கட்டளைகளுக்குச் செவிகொடுத்து அவற்றின்படி நடந்தால் என்ற நிபந்தனை அதோடு ஒட்டியே நிற்கிறது. அட்டையில் அது வெட்டப்பட்டுவிடுகிறது. அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களோடு முடிகிறது. மீதி 54 வசனங்களும் கீழ்ப்படியாமையின் விளைவுகள். 44ஆம் வசனத்தில் அதே தலையும் வாலும் தலைகீழாகத் திரும்பி வருகின்றன: உன் நடுவில் இருக்கிற அந்நியன் தலையாவான், நீ வாலாவாய் என்று.

சரி, எந்தக் கட்டளைகள்? ஒரு அதிகாரம் பின்னால் போனால் போதும். 27ஆம் அதிகாரத்தில் லேவியர் பன்னிரண்டு சாபங்களைச் சத்தமாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். பிறனுடைய எல்லைக்குறியை நகர்த்துகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரின் நியாயத்தைப் புரட்டுகிறவன், பிறனை மறைவாக அடிக்கிறவன் என்று அந்தப் பட்டியல் போகிறது. இன்னும் பின்னால் போனால் 24ஆம் அதிகாரம். திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவன் பிழைப்பையே அடகு வாங்குவது. அடகுப் பொருளை எடுக்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கூலிக்காரனுக்கு அன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடு. 25ஆம் அதிகாரத்தில், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை எடைக்கற்கள் வைத்திருக்காதே. 22:8இல், புது வீடு கட்டினால் மொட்டைமாடியிலிருந்து யாரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்டு. "தலையாக்குவார்" என்ற வாக்குக்கு அடியில் இருக்கிற மண் இதுதான். கட்டுமான வேலைக்கு வருகிற சித்தாளுக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த வசனத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு ஜெபிக்கிறவர், தான் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை அறியாமல் நிற்கிறார். அவருக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. குற்றத்தில் பாதி நம்முடையது.

யோபு 8:7 இன்னும் கவனம் கேட்கிற வசனம். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் திருமணப் பத்திரிகையிலும் அச்சாகிற வரி. இதைச் சொன்னவர் கர்த்தர் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல, யோபின் நண்பர்களில் ஒருவரான சூகியன் பில்தாத். யாரிடம்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனாகிய யோபிடம். மூன்று வசனங்களுக்கு முன்னால், 8:4இல், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் அப்படி ஆனது என்ற பொருளில் அதே பில்தாத் பேசுகிறார். கடைசி அதிகாரத்தில், 42:7இல், யோபின் நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கர்த்தர் கோபம் கொள்கிறார். யோபின் பின்னிலைமையை அவர் ஆசீர்வதித்தார் என்பதும் 42:12இல் உண்டு. ஆகவே பில்தாத் சொன்ன முடிவு நடந்தது. ஆனால் அவர் காட்டிய காரணம் பொய்யானது. 42 அதிகாரங்களையும் வாசித்தவர் இதிலிருந்து எடுக்கிற பாடம் வேறாக இருக்கும்: துக்க வீட்டுக்குப் போனால், ஏன் இப்படி நடந்தது என்று விளக்கம் சொல்லக் கூடாது. நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் 2:13இல் இருக்கிறது. ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள்.

எரேமியா 29:11ஐயும் விட முடியாது. அந்த அதிகாரமே ஒரு மடல்தான். எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்த மூப்பர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் ஜனங்களுக்கும் எரேமியா எழுதி அனுப்பியது. "எதிர்பார்த்திருக்கும் முடிவு" வருவதற்கு எழுபது ஆண்டு ஆகும் என்று முந்தின வசனம் சொல்கிறது. கடிதம் பெற்ற பெரியவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இருக்கப் போவதில்லை. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவை 28ஆம் அதிகாரம் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது. ஆண்டுதோறும் "இந்த வருடமே" என்று பிரசங்கிக்கிறவர்கள் இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

வசன எண்கள் மூல ஆசிரியர்கள் போட்டவை அல்ல என்பதைச் சபையில் ஒருமுறையாவது சொல்லுங்கள். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார். இடம் கண்டுபிடிப்பதற்கு அவை மிக உதவி. ஆனால் அந்த எண்களின் இடைவெளியில் கத்தி வைத்து வெட்டும்போதுதான் எபேசியர் 5:22 வீடுகளில் ஆயுதமாகிறது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்ற 21ஆம் வசனம் மேலே நிற்கிறது. மனைவிக்கு மூன்று வசனம் என்றால் புருஷனுக்கு அதைவிட நீளமான கட்டளை, சபைக்காகத் தம்மையே கொடுத்த கிறிஸ்துவைப் போல என்று, 25இல் தொடங்குகிறது. இதை மணவறையில் வாசித்தால் மட்டும் போதாது. வாலிபர் ஐக்கியத்தில் ஆண்பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி வாசிப்பு ஒழுங்கு. நாம் பயன்படுத்தும் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23 அதிகாரம், 52 வாரத்தில் முடிந்துவிடும். கணக்கு சரி. ஆனால் அந்த வேகத்தில் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் ஆதியாகமம் முடிந்து, நான்காம் வாரத்தில் யாத்திராகமம் 25இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். மாதம் முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். பலரும் நிறுத்துகிற இடம் அதுதான். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. முழமும் கொளுக்கியும் பலி முறைகளும் ஐம்பது பக்கம் தொடர்ந்து வரும்போது, ஏன் வாசிக்கிறோம் என்பதைச் சொல்ல அருகில் ஆள் இல்லை.

ஆகவே இரண்டு ஆண்டு ஒழுங்கை நாங்கள் பரிந்துரைக்கிறோம். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு இரண்டு அதிகாரம், ஞாயிறு வெறுமை. இரண்டு ஆண்டில் 1248 அதிகாரத்துக்கு இடம் இருக்கிறது, தேவை 1189. மிச்சம் 59, அதாவது காய்ச்சல், கல்யாணம், பயணம் என்று ஏறக்குறைய ஒரு மாதம் தவறினாலும் ஒழுங்கு உடையாது. வாய்விட்டு வாசித்தால் இரண்டு அதிகாரத்துக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம் போதும். 176 வசனம் உள்ள சங்கீதம் 119ஐ மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புத்தக வரிசையையும் மாற்றுங்கள். ஆதியாகமம், யாத்திராகமம் முடிந்ததும் மாற்குவின் 16 அதிகாரங்கள். அதன்பின் லேவியராகமம், உடனே யாக்கோபு நிருபம். இந்த ஜோடியை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை, எல்லாரும் தாண்டிப் போகிற லேவியராகமத்தில், 19:18இல் இருக்கிறது. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, செவிடனை நிந்திக்காதே, கோள் சொல்லித் திரியாதே, கள்ள அளவு வைக்காதே. யாக்கோபு 2:8 இந்தக் கட்டளையை "ராஜரீக பிரமாணம்" என்கிறது. 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் வாசிக்கிறவருக்கு அன்பு என்பது ஓர் உணர்ச்சி அல்ல, சம்பளப் பட்டியலிலும் தராசிலும் காட்ட வேண்டியது என்று தானாகவே தெரிந்துவிடும். எண்ணாகமத்துக்குப் பின் லூக்கா, உபாகமத்துக்குப் பின் ரோமர் என்று மற்றவற்றை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

வாசித்து முடித்ததும் மூன்று கேள்விகள். யார் யாரிடம் பேசுகிறார்? எந்தச் செயலைச் செய்யச் சொல்கிறது அல்லது விலக்குகிறது? அந்தச் செயலை நான் யாருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் ஒரு மனிதரின் பெயராக இருக்க வேண்டும். "நான் இன்னும் பரிசுத்தமாக வாழ வேண்டும்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. "கொத்தனாருக்குப் பாக்கி 700 ரூபாய், சனிக்கிழமைக்குள்" என்பது பதில். லேவியராகமம் 6 இப்படித்தான் நடத்துகிறது. ஏமாற்றி எடுத்தவன் முதலைத் திருப்பித் தந்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தர வேண்டும். ஆயிரம் என்றால் ஆயிரத்து இருநூறு. குற்றநிவாரண பலியைச் செலுத்துகிற நாளிலேயே அதைச் செய்ய வேண்டும். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்னது யாத்திராகமம் 22:1இல் திருடின ஆட்டுக்குச் சொன்ன கணக்கு. மத்தேயு 5:24இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்வதும் இதே வழி.

செயலால் இரட்சிப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எபேசியர் 2:8, 9 இரண்டையும் மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகளுக்கு, நற்செயல்களுக்கென்றே நாம் படைக்கப்பட்டோம் என்கிற 10ஆம் வசனத்தையும் கற்றுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எங்கே பிசகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, பாக்கி வாசிப்பு. நான்கு நாள் தவறியவர் எட்டு அதிகாரத்தை ஒரே இரவில் முடிக்கப் பார்க்கிறார். இரண்டாவது தடவை தவறும்போது விட்டேவிடுகிறார். தவறியதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், அதிலும் முடியாவிட்டால் விட்டுவிட்டு இன்றைய பகுதிக்கு வாருங்கள் என்று அட்டையிலேயே அச்சிடுங்கள். இரண்டாவது, வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை அன்றைக்கான உத்தரவாக எடுப்பது. இது வாசிப்பு அல்ல, சீட்டுப் போடுவது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது: மற்றவருக்காக வாசிப்பது. குடும்ப ஜெபத்தில் மாமியாரோ மருமகளோ கேட்கட்டும் என்று அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. முன்கூட்டியே முடிவான ஒழுங்கு இருந்தால் இதற்கு வழியே இல்லை.

கதைப் பகுதிகளில் இன்னொரு ஆபத்து. வேதத்தில் ஒருவர் செய்தார் என்பதாலேயே அது நமக்கு முன்மாதிரி ஆகாது. யாக்கோபு வெள்ளாட்டுத் தோலைக் கைகளில் சுற்றி, அண்ணன் உடையைப் போட்டுக்கொண்டு கண் தெரியாத தகப்பனை ஏமாற்றினார். ஆதியாகமம் 27இல் ஆசிரியர் ஒரு கண்டன வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் 29இல் மாமனார் பெண்ணை மாற்றி ஏமாற்றுகிறார். 37இல் பிள்ளைகள் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் காட்டி அதே யாக்கோபை ஏமாற்றுகிறார்கள். ஆட்டையும் உடையையும் வைத்துச் செய்தது ஆட்டாலும் உடையாலும் திரும்பி வந்தது. ஒரு நாள் பகுதியை மட்டும் வாசித்தவர் "சாமர்த்தியமாக ஆசீர்வாதத்தைப் பெற்றார்" என்று பாடம் எடுப்பார். பத்து அதிகாரம் தொடர்ந்து வாசித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஆகவே ஓய்வுநாள் பாடசாலையில் கதை முடிந்ததும் பாடம் கேட்காதீர்கள்; அந்த மனிதரின் வாழ்க்கை முடிந்ததும் கேளுங்கள்.

மொழியும் தடுக்கிறது. நம் ஆராதனைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. அன்றிருந்த சொற்களில் சில இன்று வேறு முகத்தோடு நிற்கின்றன. உபாகமம் 28:12இல் "அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய்" என்கிறபோது ஜாதி என்பது தேசத்தாரைக் குறிக்கிறது. இதை விளக்காமல் விட்டால் நம் ஊரில் அது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. "பரதேசி" இன்று வசைச் சொல். வேதத்தில் அது சொந்த நிலம் இல்லாமல் வேறு நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர். அந்தப் பொருளில் லேவியராகமம் 19:33ஐ வாசித்தால், வடக்கிலிருந்து வந்து நம் தேவாலயக் கட்டடத்துக்கே கம்பி கட்டுகிற பையன்களின் முகம் முன்னால் வரும். அவர்களைச் சிறுமைப்படுத்தாதே, நீங்களும் எகிப்தில் அப்படி இருந்தவர்கள் என்று அடுத்த வசனம் காரணம் சொல்கிறது. வாசிப்பு அட்டையின் ஓரத்தில் மாதத்துக்கு ஐந்து சொற்களுக்குப் பொருள் கொடுத்தால் போதும். வீட்டில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை அருகில் வைத்து ஒப்பிட்டு வாசிப்பதையும் ஊக்குவியுங்கள். அது கத்தோலிக்கர் புத்தகம் என்று ஒதுக்குவது நமக்குத்தான் நஷ்டம்.

இதுவரை சொன்னது வீடுகளுக்கு. கமிட்டிக்கும் சில பகுதிகள் உண்டு, அவற்றை நாங்கள் மறைக்கப் போவதில்லை.

யாக்கோபு 2இல் பொன் மோதிரமும் நல்ல உடையும் போட்டவருக்கு நல்ல இடமும், ஏழைக்குப் பாதபடியண்டையில் இடமும் கொடுத்தது சபை கூடுகிற ஆலயத்தில்தான். அசன விருந்துக்குப் பந்தி அமைக்கிறவர்களும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குகிறவர்களும், இன்னார் தெருவுக்கு இன்ன வரிசை என்று வழக்கம் வைத்திருக்கிறவர்களும் அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாசிக்க வேண்டும். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்னும் சபை முழுவதுக்கு முன்னும் நின்று தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொன்னார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இரண்டும் இருந்தும், சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் வீடுகளில் நடக்கிறது. பெண்கள் ஐக்கியத்தில் இந்த அதிகாரம் வாசிக்கப்படட்டும். அதைவிட முக்கியமாக, ஆண்கள் கூடுகிற இடத்தில் வாசிக்கப்படட்டும்.

பணம் கையாளுகிறவர்களுக்கு இரண்டு பகுதிகள். 2 கொரிந்தியர் 8இல் பவுல் காணிக்கைப் பணத்தைத் தனியாகத் தொடவில்லை. தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரையும் அனுப்பி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க வேண்டும் என்று காரணம் எழுதுகிறார். நெகேமியா 5இல், சொந்தச் சகோதரரிடம் வட்டி வாங்கினவர்களிடமிருந்து நிலத்தையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வைத்த அதிபதி, தனக்கு உரிமையான படியையும் பன்னிரண்டு ஆண்டு வாங்கவில்லை. தேவாலயத்தைத் துப்புரவு செய்து மணி அடிக்கிறவருக்கும், நம் பள்ளிகளில் சுயநிதிப் பிரிவில் பாடம் சொல்கிறவர்களுக்கும் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது என்று பாருங்கள். அது தள்ளிப் போகிற மாதங்களில் பண்டிகைப் பந்தலுக்கு எவ்வளவு செலவானது என்றும் பாருங்கள். அப்படிப் பார்ப்பதும் வேத வாசிப்புதான்.

எங்கள் வேண்டுகோள்களை முடிவாகச் சொல்கிறோம். அட்டையின் முன்பக்கம் உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். பின்பக்கத்தில் நான்கு வரி அச்சிடுங்கள்: சொன்னவர் யார், கேட்டவர் யார், வாசிக்க வேண்டிய அதிகாரம் எது, அந்த அதிகாரம் கேட்கிற ஒரு செயல் என்ன. யோபு 8:7 என்றால், "சொன்னவர் பில்தாத். கேட்டவர் பிள்ளைகளை இழந்த யோபு. வாசிக்க: 1, 2, 8, 42. செயல்: இந்த வாரம் துக்க வீடு ஒன்றுக்குப் போய், அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்திருங்கள்." டிசம்பர் 31 இரவு, வசனத்தை அறிவிக்குமுன் அதன் அதிகாரத்தை முழுவதும் ஒருவர் நிறுத்தி வாசிக்கட்டும், உபாகமம் 28க்கே பன்னிரண்டு நிமிடம்தான் ஆகும், அறிவிப்புகளில் அவ்வளவு நேரத்தைக் குறைக்க முடியும். ஓய்வுநாள் பாடசாலைத் தேர்வில் மனப்பாட வசனத்துக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதியை, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு மாற்றுங்கள். ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்குமுன் 1 சாமுவேல் 12:3 வாசிக்கப்படட்டும். "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" என்று வயதான சாமுவேல் ஜனங்களுக்கு முன் நின்று கேட்கிற இடம் அது. வாசித்த பின், ஜனங்கள் பதில் சொல்ல ஐந்து நிமிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்டவருடைய பணியில்,
வேதபாட வகுப்புகள் நடத்தும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர்